பயந்துகொண்டே படம் எடுத்தவர்

வைரவன் சார் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் உள்ள பிளெக்ஸ் அச்சுக்கடையில் வேலை பார்க்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். இயந்திரம் படுத்தால் எழுப்புவதும், வருகிற படங்களை வெட்டி ஒட்டிப் பேனராக்குவதும் என் பொறுப்பு. அன்று காலை அச்சுத்தலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போனுக்கு ஒரு படமும் இரண்டு வரியும் வந்தன. 'கண்ணீர் அஞ்சலி. எட்டுக்கு ஆறு அடி. மதியத்துக்குள்ள வேணும்.' முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தின் அளவைப் பார்ப்பது என் வழக்கம். ரொம்பச் சின்னப் படம். விசாவுக்காக எடுத்தது, வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிகிறது. 'பெரிசாக்கினா உடையும். வேற படம் அனுப்புங்க' என்று பதில் அடித்தேன். அதற்குப் பிறகுதான் பெயரைப் படித்தேன்.

அனுப்பியவன் அவருடைய அண்ணன் மகன் முருகேசன். உடனே கூப்பிட்டேன்.

"என்னடா இது?"

"வேன் கவுந்துருச்சாம் கார்த்தி. கிர்கிஸ்தானாம். அது எங்கிட்டு இருக்குன்னுகூட எனக்குத் தெரியல. பாடி திருச்சிக்கு வர நாளாகுமாம். அப்பா பேனர மொதல்ல வைக்கச் சொல்றாரு."

"வேற படம் இல்லையா?"

"சித்தப்பா போன்ல இருக்கும். போனு அவரோடல்ல கெடக்கு."

இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை: எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். ஏனென்றால் எங்கள் ஊரில் அவர் கடைசியாகப் படம் எடுத்தது என் அப்பாவை. அப்பாவுக்குத் திருச்சியில் இருதய ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்தால் ஏன் பயம் வர வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். திருவரங்குளத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள்.

நினைவுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த எல்லோரும் அவரை அஞ்சாதவர் என்றார்கள். சண்டை நடக்கும் நாட்டுக்குப் போனவர், பனிப்பாலைவனத்தில் நடந்தவர், சுரங்கத்துக்குள் இறங்கியவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அடுக்கினார்கள். உட்கார்ந்து கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அவருடைய நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மழுப்பத் தெரியாது. வைரவன் சாரைப் போல பயப்படுகிற ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

திருவரங்குளத்தில் விவசாயக் குடும்பம். வளைகுடாவுக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போன இடத்தில் யாரோ விற்ற பழைய கேமராவை வாங்கி, கூட வேலை பார்த்தவர்களை எடுக்க ஆரம்பித்தார். அந்தப் படங்கள் ஒரு வெளிநாட்டுப் பயணப் பத்திரிகைக்காரர் கண்ணில் பட்டன. அதன்பிறகு வருடத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு தேசத்தில் இருப்பார், மீதி நாள் இங்கே இருப்பார். எங்கே போனாலும் மனிதர்களை மட்டும்தான் எடுத்தார். நார்த்தாமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை பழைய கோயிலை விட்டுவிட்டு வாட்ச்மேனிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "மலைக்கு என்னடா அவசரம்? அது நாளைக்கும் இருக்கும்" என்றார்.

முதல் தடவை எங்கள் கடைக்கு அவர் வந்தது சண்டையில் முடிந்திருக்க வேண்டியது. டவுனில் ஒரு கண்காட்சி வைப்பதற்காகப் பென் டிரைவில் முகங்களைக் கொண்டுவந்திருந்தார். நான் எடுத்த எடுப்பில் சொன்னேன்: "சார், உங்க கறுப்பு இந்த மெஷின்ல வராது. இது காதுகுத்து ரோஸ் கலருக்குன்னே பொறந்த மெஷின்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வர வை. நான் எங்கயும் போகல" என்றார். மை அளவை மாற்றி மாற்றிச் சோதித்து, கடைசியில் ஒரு முகத்தை ஓட்டினேன். பொலிவியாவில் சுரங்க விபத்தில் புருஷனை இழந்த பெண் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் இயந்திரம் மேலிருந்து பட்டை பட்டையாக அச்சடித்துக்கொண்டே வரும். தொப்பி வந்தது, நெற்றி வந்தது, இரண்டு கண்ணும் வந்தன. கரண்ட் போய்விட்டது.

அரை இருட்டில் அந்தக் கண்கள் மட்டும் இயந்திரத்தில் தொங்கின. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரிது. மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் பேனர் கொடுக்க வந்திருந்த ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். "ஏப்பா, மொதல்ல அத ஒரு துணியப் போட்டு மூடுங்கப்பா. நல்ல காரியத்துக்கு வந்தவன்" என்றார் அங்கிருந்தபடியே.

"ஏன் சார் இந்தம்மா இப்படிப் பயந்துபோயிருக்கு?" என்று கேட்டேன்.

"அது பயப்படலடா. பயந்தது நானு. அந்தம்மா அதப் பாத்துக்கிட்டு இருக்கு."

இதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று கேட்கிற அதே குரலில் சொன்னார்.

பிறகு பழகப் பழகத்தான் அவர் வேலை செய்யும் விதம் தெரிந்தது. ஒரு நாட்டுக்குக் கிளம்புமுன் அந்த மொழியில் இரண்டே வாக்கியம் கற்றுக்கொள்வார். ஒன்று, உங்கள் பெயர் என்ன. மற்றது, எனக்குப் பயமாக இருக்கிறது. போய் இறங்கியதும் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஆளுக்குப் பக்கத்தில் உட்காருவார். பெயரைக் கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வார். முன்பின் தெரியாத ஒருவன் அவர்கள் மொழியில் தப்பும் தவறுமாக அப்படிச் சொன்னால் யாராக இருந்தாலும் சிரித்துவிடுவார்களாம். செனகலில் மீன் சுடும் கிழவி ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்பிலிருந்து ஒரு மீனை எடுத்துக் கொடுத்தாளாம். மங்கோலியாவில் ஒரு ஆட்டுக்காரன் தன் குல்லாயைக் கழற்றி இவர் தலையில் மாட்டியிருக்கிறான். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேமராவைப் பார்க்கிற பார்வை அல்ல அது. அழுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இது ஒரு டெக்னிக் சார், அவ்வளவுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நெசமாவே கை நடுங்கும்டா. யாரு மூஞ்சிய எடுத்தாலும் நடுங்கும். ஆளப் பார்த்துப் பயம் வரலைன்னா அது போட்டோ இல்ல, ஆதார் அட்டை" என்றார். பிறகு, "டெக்னிக்குன்னா எல்லா எடத்துலயும் வேலை செய்யணும்ல? நம்ம ஊர்ல செய்யலையே" என்றார்.

செய்யவில்லைதான். அதன் கதை இது. பெயர் வாங்கிய புதிதில் ஒரு திருவிழாவின்போது கோயில் குளத்துக்குப் பக்கத்தில் கறுப்புத் துணி கட்டி, ஊர்ப் பெரியவர்களை எல்லாம் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் படம் எடுத்தார். சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தார். யாரும் சுவரில் மாட்டவில்லை. வயதானவர் தனியாக, நேரே பார்த்தபடி, சட்டத்துக்குள் இருந்தால் நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம்? மாலை ஒன்றுதான் பாக்கி. துணியைச் சுற்றி பீரோவுக்குள் வைத்தார்கள். பெரியவர் காலமானதும் வெளியே எடுத்து எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார்கள். உலகப் பத்திரிகைக்காரர் எடுத்த படம், பேனரில் உயிரோடு நிற்பதுபோல் இருக்கும். ஆலங்குடி ரோட்டில் போகிறவர்கள் அந்தப் பேனர்களைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் இன்னும் இரண்டு பேனர். அதற்கடுத்து வேறொன்று. வைரவன் எடுத்தால் மாலைதான் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

பொறுமை எனக்கு வராது. டீக்கடையில் வைத்தே நான் விளக்கினேன்: "உயிரோட இருக்கிறவங்க படமெல்லாம் பீரோவுக்குள்ள இருக்குண்ணே. செத்தவங்க படம் மட்டும் ரோட்டுல நிக்குது. நீங்க ரோட்ட மட்டும் பார்த்துக் கணக்குப் போடுறீங்க."

டீ மாஸ்டர் கிளாஸை அலசிக்கொண்டே கேட்டார்: "சரி தம்பி. நீ போயி எடுத்துக்கிறியா?"

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளாக ஆக அது வேடிக்கையாக இல்லாமல் போனது. அவர் பைக் வந்தால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பெண்கள் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். ஒருத்தி நேராகவே கும்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, எம்மக முழுகாம இருக்கா. அந்தப் பையோட இங்கிட்டு வராதீங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அதிலிருந்து அவர் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். யார் யாருடைய வாசலிலோ போய் நின்று பயமாக இருக்கிறது என்று சொன்னவர், தன் தெருவுக்குள் அதைச் சொல்லாமல் தலையைக் குனிந்து போனார்.

ஒருநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு மணமேல்குடிக்குப் போனார். அங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்று நம்பினார். கடற்கரையில் செல்வம் என்ற பையன், பையன் என்றால் என் வயதுதான் இருக்கும், வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நன்றாகப் பேசினான். படகு, மனைவி, புதிதாகக் கட்டும் வீடு எல்லாவற்றையும் பற்றிப் பேசினான். வைரவன் சார் நெடுநேரம் கழித்துத்தான் கேமராவை எடுத்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வலையின் ஒரு கண்ணிக்குள் விரலை விட்டபடி, செல்வம் சிரித்தான். அவர் எடுத்ததிலேயே நல்ல படங்களில் அது ஒன்று. திரையில் பார்த்த நான் சொல்கிறேன்.

மீன் கூடையோடு போன ஒரு பெண் நின்றாள். "ஏய் செல்வம், இந்தாளு யாருன்னு தெரியுமா ஒனக்கு? எங்க ஆத்தா ஊரு போட்டோக்காரரு. இவரு எடுத்தவங்க யாரும் மிஞ்சினதில்ல."

அவ்வளவுதான். சுற்றி நின்ற கூட்டம் இருந்த இடம் தெரியாமல் கலைந்தது. செல்வம் சண்டை போட்டிருந்தால் நான் நன்றாகப் பதில் சொல்லியிருப்பேன். அவன் முகம் மட்டும் வெளிறிப்போனது. "அண்ணே, கோச்சுக்காதீங்க. அத அழிச்சுருங்கண்ணே. மத்தியானம் கடலுக்குப் போறேன்" என்றான்.

வைரவன் சார் அவன் கண் எதிரிலேயே அழித்தார். நான் அவரைத் தனியே இழுத்து, "சார், ஒண்ணும் போகல. அழிச்சாலும் கார்டுலதான் இருக்கும். மேல வேற படம் வந்து விழற வரைக்கும் நான் திரும்ப எடுத்துத் தருவேன்" என்றேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கேமராவைத் தரைக்குத் திருப்பி, வெறும் மணலைப் படம் எடுக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே எடுத்தார். கார்டு நிறைந்துவிட்டது என்று கேமரா சொல்லும்வரை நிறுத்தவில்லை. "இப்ப எடுக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அவன் பயத்த வாங்கித்தான் அழிச்சேன். நீ படத்த எடுத்துக் கொடுத்தா, அந்தப் பயத்த நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

திரும்பி வந்தபிறகும் அவருக்கு நிம்மதியில்லை. கடற்கரை டீக்கடை நம்பரை வாங்கிவந்திருந்தார். செல்வம் படகு கரைக்கு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "படமே இல்லையே சார், அப்புறம் என்ன?" என்றேன். "எடுத்தது எடுத்ததுதானே" என்றார். உலகம் சுற்றிய மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் போனில் அந்த நேரம் திறந்திருந்தது மணமேல்குடிக் கடலின் வானிலைப் படம். படகு வந்துவிட்டது என்று டீக்கடைக்காரர் சொன்னதும் அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சுப்பையா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நெஞ்சுவலி என்று போன இடத்தில், அடைப்பு நிறைய இருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் காரியம் இது: "வைரவன வரச் சொல்லு. எனக்கு ஒரு போட்டோ எடுக்கணும்."

அம்மா அரிவாள்மணையில் இருந்து எழுந்துவிட்டாள். "எதுக்கு?"

"எதுக்கா? ரிட்டயர்டு ஆனப்ப எடுத்ததுல வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறேன். டிக்கெட் டிக்கெட்டுன்னு கத்துற மாதிரி இருக்கு. அதையா ரோட்டுல வைப்பீங்க?"

நான் கூப்பிடாமல் நாள் கடத்தினேன். அப்பாவே போன் செய்துவிட்டார். வைரவன் சார் வந்து பைக்கை நிறுத்தும்போதே அம்மா வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அந்தப் பைய வண்டியிலயே மாட்டிட்டு வாங்க. காப்பி தாரேன்."

மாட்டிவிட்டு வந்தார். காபி குடித்தார். அப்பா கட்டிலில் இருந்து, "கேமரா இல்லாம எதுக்குடா வந்த, பொண்ணு பாக்கவா?" என்றார். "அண்ணி வேணாங்கிறாங்கண்ணே" என்றார் இவர். அம்மா அழத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, கேமராங்கிறது வெளிச்சத்த உள்ள வாங்குற பொட்டி. அதுல இருந்து எதுவும் வெளிய வந்து ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாது. படிச்சவன் சொல்றேன்" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நீ ஏன்டா வாசப்படிய மறிச்சுக்கிட்டு நிக்கிற?"

நின்றுகொண்டுதான் இருந்தேன். பைக்குக்கும் அப்பாவுக்கும் நடுவில், இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தபடி. எப்போது அங்கே போய் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் வைரவன் சார் அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தமிழில் சொல்லி நான் முதன்முதலாகக் கேட்டேன். "அண்ணி, எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"ஒங்களுக்கு என்ன பயம் தம்பி?"

"அண்ணன எடுத்து, ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, இந்த ஊர்ல நான் எப்படி நடமாடுறது? வேற எங்க போனாலும் திரும்பி இங்கதானே வாரேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "டேய் இன்ஜினியர். பேனருக்கு ஆள எப்படி வெட்டுவ?"

"தலையச் சுத்தி, காதுலருந்து தோள் வரைக்கும். பின்னாடி இருக்கறத எடுத்துருவேன்."

"பக்கத்துல ஆளு இருந்தா?"

"அவங்களையும் எடுத்துருவேன்."

"தோள் மேல கை கெடந்தா?"

"கைய அழிச்சுட்டு சட்டைய வரைஞ்சிருவேன்."

"கை மூஞ்சியில இருந்தா?"

யோசித்தேன். "மூஞ்சியில இருந்தா முடியாது சார். கைக்குப் பின்னாடி இருக்கிற மூஞ்சி கேமராவுக்கே தெரியாதே."

"அவ்வளவுதான். வழிய விடு."

விட்டேன். பையை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவை அப்பாவோடு ஒட்டிக் கட்டிலில் உட்காரச் சொன்னார். இருவரும் கல்யாண போட்டோ மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார்கள். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "அண்ணி, அண்ணன் மீசையில காப்பி ஒட்டியிருக்கு பாருங்க, தொடச்சு விடுங்க" என்றார். அம்மா சட்டென்று திரும்பி உள்ளங்கையால் அப்பாவின் வாயையும் கன்னத்தையும் சேர்த்துத் துடைத்தாள். "ஏ, மெல்ல, தோலு வந்துரும்" என்றார் அப்பா, அந்தக் கைக்குள்ளிருந்து. அம்மா சிரித்துவிட்டாள். ஒரே ஒரு தடவை அழுத்தினார். கேமராவை இறக்கும்போது அவர் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். பொய்யில்லை, டெக்னிக் இல்லை.

கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் நெற்றி அப்பாவின் காதை மறைக்கிறது. விரல்கள் முகத்தின் கீழ்ப்பாதியில். மிச்சமிருக்கும் அப்பா இரண்டு கண்ணும் ஒரு பக்க மீசையும்தான். இப்போது கம்ப்யூட்டரே மீதி முகத்தை வரைந்து தரும் என்பீர்கள். தரும். அது என் அப்பாவாக இருக்காது.

கிர்கிஸ்தானுக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போனார். "நீங்க ஆபரேஷன் முடிஞ்சு எந்திரிக்கறதுக்குள்ள வந்துருவேண்ணே."

உடல் ஊருக்கு வந்த அன்று அப்பா யார் சொல்லியும் கேட்காமல் கிளம்பிவிட்டார். பந்தலில் அப்பாவைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். இன்னொருவர் அதை நிழலுக்கு மாற்றினார். தண்ணீர் வேண்டுமா என்று மூன்றாவது ஆள் குனிந்து கேட்டார். எல்லோரும் அப்பாவை, ஏற்கெனவே பாதி போய்விட்டவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசினார்கள்.

"கடைசியா எடுத்தது இவரைத்தானாம்."

"கேமராவே ஓனரத் தூக்கிருச்சு, இவரு எம்மாத்திரம்?"

"இல்லக்கா, தன் ஆயுச இவருக்குக் குடுத்துட்டுப் போயிட்டாருன்னும் சொல்றாங்க."

இரண்டுமே பிதற்றல். மலைப்பாதையில் வண்டி சறுக்கினால் கவிழும், அதற்கும் திருவரங்குளத்துக்கும் சம்பந்தமில்லை என்று திரும்பிச் சொல்ல வாயெடுத்தேன். இரண்டாவது பிதற்றலாவது உண்மையாக இருக்கட்டும் என்று மனசு ஒரு நொடி கெஞ்சிவிட்டது.

அப்பா சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எந்திரிக்கறதுக்குள்ள வாரேன்னியேடா. நான் படுக்கவே இல்லையேடா இன்னும்" என்றார். திரும்பும்போது ஆட்டோவில், "எல்லாப் பயலும் எனக்குச் சேர் போடுறானுக. நான் என்ன மாப்பிள்ளையா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நெஞ்சைத் தடவினார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி நான் கத்தியது அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஒண்ணுமில்லடா, பட்டன் குத்துது" என்றார். நிஜமா, எனக்காகச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கேட்டார். நல்ல தாளில் அச்சடித்து வைத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என்னயத் தனியா வெட்ட முடியாதாமே?"

"முடியாதுப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. படிச்சவன்ல நீ."

"முடியவே முடியாது."

"அப்ப நான் திரும்பி வந்துதான் ஆகணும். வேற வழி வைக்காமப் போயிட்டான், படுபாவி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்மா அதை வாங்கிக்கொண்டுபோய்க் கூடத்தில், வருகிறவர்கள் முதலில் பார்க்கிற சுவரில், ஆணி அடித்து மாட்டினாள். வைரவன் சார் எடுத்த படம் எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் மாலையில்லாமல் தொங்குவது, எனக்குத் தெரிந்து, இதுதான் முதல் தடவை. சிலர் உள்ளே வராமல் வாசலோடு பேசிவிட்டுப் போகிறார்கள். போகட்டும்.

ஆபரேஷன் அடுத்த வாரம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது முடிந்திருக்கும். எப்படி முடிந்திருக்கும் என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்ன சதவீதம் நல்ல சதவீதம்தான். மனப்பாடமாகத் தெரியும், வருகிற போகிறவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்குகிறேன். வைரவன் சாரின் கேமரா வேனோடு போய்விட்டது. படங்கள் அந்தப் பத்திரிகைக்காரர்களிடம் இருக்கின்றன. எனக்கு வேண்டியது அவை அல்ல.

நேற்று அம்மா மருத்துவமனைக்கு எடுத்துப்போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் ஐசியூவில் வைப்பார்கள் என்று கேட்டாள். பதில் தெரியும், சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். "பயமா இருக்கும்மா" என்றேன். வாழ்நாளில் நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம். வைரவன் சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மடித்த துணிகளைத் தள்ளி வைத்து இடம் பண்ணினாள்.

"எனக்கும்தான்டா. இங்கிட்டு வந்து உக்காரு."